திங்கட்கிழமைச் சுவர்

பேர்ண் நகரத்தின் மேற்கு ஓரத்தில்
பெத்லகேம் என்று ஓர் இடம்.
தொழுவம் இல்லை, நட்சத்திரம் இல்லை.
பதினெட்டு மாடி, கொங்கிறீட்.
எட்டாம் இலக்க ட்ராம் வரும்,
திரும்பிப் பார்க்காமல் போகும்.

திங்கட்கிழமை இரண்டு மணியிலிருந்து ஆறு வரை
நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் முறை
எங்கள் வீட்டுக்கு.
சாவியை ஷ்டெட்லர் அம்மாவிடம் வாங்கி
மார்க்கோவிச்சிடம் கொடுக்க வேண்டும்.
பதினொரு வருடத்தில் இந்த நாடு
என் பெயரை எழுதி ஒட்டிய ஒரே இடம் அது.

அந்தத் திங்கள்
என் நேரத்தில் கலைஞர் ஒருத்தி நின்றாள்.
ரெகுலா ட்ஸ்பிண்டன்.
கையில் வாளி, நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம்.
நவீனத்தின் தோலை உரித்தெடுக்கப் போகிறாளாம்.
அப்படித்தான் சொன்னாள், வெட்கப்படாமல்.

கூடையை இறக்கி வைத்தேன்.
நவீனம் எனக்குத் தெரியும்.
லிஃப்ட் ஒற்றை எண் மாடிகளில் மட்டும் நிற்கும்.
பன்னிரண்டாம் மாடிக்காரன்
பதின்மூன்றில் இறங்கி
அரிசி மூட்டையோடு கீழே நடக்க வேண்டும்.
மனிதர் சந்தித்துக்கொள்ளட்டும் என்று
வரைந்தவர் நினைத்தாராம்.
சந்தித்தோம், மூச்சு வாங்கியபடி.

வாளியைத் திறந்தாள்.
இறப்பர்ப் பால்.
அமோனியா மூக்கில் ஏற,
கேகாலைப் பக்கம் ஷீட் உருட்டிய இரண்டு வருடம்
ஓர் இருமலாக வந்து போனது. அவ்வளவுதான்.
முதல் பூச்சு வெள்ளையாக இருக்கும்போதே
இரண்டாவதைப் பூசப் போனாள்.
"பொறுங்கள்" என்றேன்.
"தேன் நிறத்துக்கு வரட்டும்.
இல்லாவிட்டால் உள்ளே காயாது."
என் ஜெர்மன் அன்று ஒரு பிழையும் விடவில்லை.

ஆறு பூச்சு, ஆறு திங்கள்.
எங்கள் உடுப்புகள் குளியல் தொட்டியில் கிடந்தன.

ஏழாவது வாரம் உரித்தோம்.
பாம்புச் சட்டை என்று எழுத வருகிறது கை.
இல்லை, ஆறிய பாலின் ஆடை.
தயங்கித் தயங்கி வந்தது.

சுவர் மரமாக இருந்திருக்கிறது.
பதினொரு வருடம் சாய்ந்து நின்றும்
நான் பார்க்கவில்லை.
பலகையின் ரேகைகள், கணுக்கள், ஆணித் தலைகள்.
ஊற்றியது உறைந்ததும்
மரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
ஓரத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி,
ஒரு கூட்டல் கணக்கு,
கீழே இத்தாலிய மொழியில் 'போதும்.'
ஒன்பது மாத அனுமதி, தகரக் கொட்டில்.
கட்டியவர்களுக்கு இங்கே வீடு கிடையாது.
வரைந்தவரின் பெயர்
வாசலில் பித்தளையில் இருக்கிறது.

கண்காட்சி ஆற்றின் மறுகரையில்.
உத்தரத்திலிருந்து தொங்கியது தோல்,
வெளிச்சம் ஊடுருவ.
பின்பக்கம் போய் நின்றால்தான்
'போதும்' நேராகத் தெரியும்.
அருகில் அட்டை:
இறப்பர்ப் பால், சிமெந்துத் தூசு, பென்சில்,
இனம் தெரியாத நார்.

இனம் தெரியாத.
கிட்டப் போனேன். காவலர் கனைத்தார்.
நீலப் பஞ்சு.
ட்ராம் பணிமனைச் சீருடையின் நீலம்.
உலர்த்தும் இயந்திரம் மூச்சு விட்டபோதெல்லாம்
பறந்துபோய் ஒட்டியிருக்கிறது.

ரெகுலாவிடம் சொன்னேன்.
அட்டையைக் கழற்றிப் பேனா தேடினாள்.
என்ன எழுத என்று என்னைப் பார்த்தாள்.
என் பெயரைப் போட்டால்
நானும் வாசலில் பித்தளை.
ஒன்றும் போடாவிட்டால் பழையபடி நார்.
"திங்கள், இரண்டிலிருந்து ஆறு வரை" என்றேன்.

போன வாரம் நிர்வாகத்தின் கடிதம்:
நிலக்கீழ் அறைச் சுவரில்
இரண்டு மீட்டருக்கு மூன்று, வெளிறிய பகுதி.
பொறுப்பானவர் எழுத்தில் தெரிவிக்கவும்.

இன்னும் பதில் எழுதவில்லை.
இயந்திரம் சுற்றுகிறது.
வெளிறிய இடத்தில் கை வைத்தால்
அழுக்கில்லாத குளிர்.
நீல நார் ஒன்று மிதந்து வந்து
இடம் தேடுகிறது.